மாமரத்தில் தொற்றியிருப்பது எந்த வாண்டா?

கேள்வி: பெங்களூரு கனகபுரா சாலையில் எங்களுக்குச் சின்ன மாந்தோப்பு இருக்கிறது. பழைய மரம் ஒன்றில் இரண்டு கிளைகளில் ஆர்க்கிட் வளர்கிறது. இலை ஒரே மாதிரிதான். நர்சரிக்காரர் இரண்டும் வாண்டா என்ற ஆர்க்கிட் பேரினத்தில் வேறு வேறு இனங்கள் என்கிறார். அண்ணனோ, எல்லாம் புல்லுருவி, வெட்டிவிடு என்கிறார். எது சரி?

பதில்: வெட்டாதீர்கள் அம்மா. புல்லுருவி கிளைக்குள் வேரை இறக்கிச் சாற்றை உறிஞ்சும். அந்த இடம் முடிச்சாகப் பருத்திருக்கும். ஆர்க்கிட்டின் வேர் பட்டைமேல்தான் படரும். காய்ந்து வெளுத்திருக்கும் வேரில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், பச்சையாகிவிடும். மரம் அதற்கு உட்கார இடம் மட்டுமே.

நர்சரிக்காரர் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் இலையை மட்டும் பார்த்து நான் பெயர் சொல்ல மாட்டேன். நம் பக்கத்து வாண்டா டெசலாட்டாவுக்கும் வாண்டா டெஸ்டேசியாவுக்கும் இலை வார் போல நீண்டு, நடுவில் மடிந்துதான் இருக்கும். வெயிலில் நிற்கும் செடி குட்டையாகவும் நிழலில் நிற்பது நீளமாகவும் வளர்ந்து இன்னும் குழப்பும்.

பூ வரட்டும். டெசலாட்டா என்றால் லத்தீனில் கட்டம் போட்டது. பச்சை கலந்த மஞ்சள் இதழில் பழுப்புக் கோடுகள் வலை பின்னியிருக்கும். இதழின் முதுகு வெள்ளை. பூ 4 முதல் 5 செ.மீ. அகலம். டெஸ்டேசியா என்பது செங்கல் நிறத்தைக் குறிக்கும் பெயர். அதன் பூ மஞ்சளாகவோ பழுப்பு மஞ்சளாகவோ, கட்டம் இல்லாமல், ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கும் அளவில் இருக்கும். கீழே நிற்கும் உதடு போன்ற இதழ் இரண்டிலுமே நீலமாகவோ ஊதாவாகவோ வரலாம் என்பதால் அதன் நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். பலர் ஏமாறுவது அங்கேதான்.

இலை மிகத் தடித்து விறைப்பாக இருந்து, சின்ன மஞ்சள் பூக்களில் செம்பழுப்புப் பட்டைகளும் வெள்ளை உதடும் தெரிந்தால், அது வாண்டாவே அல்ல, அகாம்பே என்ற வேறொரு ஆர்க்கிட். நர்சரிகளில் ராக்ஸ்பர்கி, பார்விஃப்ளோரா என்ற பழைய பெயர்களும் புழங்குகின்றன. முதலாவது டெசலாட்டா, அடுத்தது டெஸ்டேசியா.

அப்புறம், மாமரத்துக்குப் போர்டோ கலவை (தாமிர சல்பேட்டும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி) பூசும்போது ஆர்க்கிட் வேரில் பட விடாதீர்கள். தாமிரம் பல ஆர்க்கிட்டுகளைக் கருக்கிவிடும். பூத்ததும் பறிக்காமல், பக்கத்தில் நாணயம் பிடித்து, முன்புறம், முதுகு, பக்கவாட்டு என்று மூன்று படம் எடுத்து அனுப்புங்கள்.