பிபிடி முடித்துவிட்டு கைரோபிராக்டர் ஆகலாமா?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறேன். பிபிடி, அதாவது பிசியோதெரபி இளநிலைப் பட்டம், கடைசி வருஷம். முதுகையும் கழுத்தையும் கையால் அழுத்தித் திருப்பி 'டக்' என்று சத்தம் வரவைக்கிற கைரோபிராக்டிக் வீடியோக்களைப் பார்த்து ஆசை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு எடுத்து சர்டிபிகேட் தருகிறார்கள், சேரலாமா?

பதில்: அந்த சர்டிபிகேட்டுக்குப் பணம் கட்டாதீர்கள் தம்பி. உலக சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் முழுப் படிப்புக்குக் குறைந்தது 4,200 மணி நேரம் என்று இருக்கிறது, நாலைந்து ஞாயிற்றுக்கிழமையில் என்ன வந்துவிடும்? அமெரிக்காவில் இது தனிப் பட்டம், தேர்வு, மாநில லைசென்ஸ் என்று முறையாக நடக்கும் தொழில். நம் நாட்டில் கைரோபிராக்டருக்கென்று தனி கவுன்சில் கிடையாது. பிசியோதெரபிஸ்ட்டுக்கோ துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021 சட்டத்திலேயே இடம் இருக்கிறது, நாளைக்கு ஒரு நோயாளி புகார் கொடுத்தால் இந்த வித்தியாசம் உறைக்கும்.

தொழிலில் நல்லது இல்லாமல் இல்லை. நைட் டூட்டி கிடையாது, சொந்தமாக கிளினிக் போடலாம், லேப்டாப் முன்னால் கழுத்தை நீட்டியே உட்கார்ந்திருக்கும் ஐடி ஆட்களுக்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை. ஆனால் நாள் முழுக்கக் குனிந்து அழுத்துவதில் உங்கள் மணிக்கட்டும் இடுப்பும்தான் முதலில் தேயும்.

அப்புறம் அந்த 'டக்' சத்தம். எலும்பு இடத்தில் போய் உட்காருகிற சத்தம் இல்லை அது, மூட்டுத் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாகிற சத்தம், விரலில் நெட்டி முறிக்கிற அதே கதைதான். வருகிறவர் அதைக் கேட்காமல் எழுந்திருக்க மாட்டார், நீங்களும் தேவையோ இல்லையோ திருப்பிக்கொண்டே இருக்க வேண்டிவரும். சாதாரண இடுப்பு வலிக்கு இதனால் கிடைக்கிற பலன் உடற்பயிற்சியால் கிடைப்பதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை. கழுத்தில் அரிதாக ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போனதுண்டு, கழுத்து விஷயத்தில் எனக்கு எப்போதும் பயம்தான்.

மெய்ட்லண்ட் முறையில் மூட்டைச் சட்டென்று வேகமாகத் தள்ளுகிற ஐந்தாவது கிரேடு படித்திருப்பீர்களே, வீடியோவில் பார்ப்பதும் கிட்டத்தட்ட அதுதான். பிசியோதெரபி முதுநிலைப் பட்டமான எம்பிடியில் ஆர்த்தோ (எலும்பு, மூட்டு) எடுத்து, கையால் செய்கிற மேனுவல் தெரபியில் தேர்ந்தவர் ஒருவரிடம் பழகினால் போதும். வெளிநாட்டிலேயே தங்கிவிடும் எண்ணமும் வீட்டில் வசதியும் இருந்தால் மட்டும் கைரோபிராக்டிக் பட்டத்தை யோசியுங்கள். கோலாலம்பூரிலேயே ஐஎம்யூ பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்பு இருக்கிறது. கடன் வாங்கிப் படித்துவிட்டு பெங்களூருக்கே திரும்புவதாக இருந்தால் வேண்டாம்.