கேள்வி – பதில்: கடலோர நகரில் கட்டணமில்லாக் கச்சேரிகள்

கேள்வி: பணி மாறுதலாகிக் கடலோர நகரம் ஒன்றுக்கு வந்திருக்கிறேன். கோடை முழுவதும் கடற்கரை மேடையில் வாரந்தோறும் இலவசமாக இசை கேட்க முடிந்தது. பருவம் முடிந்ததும் மேடையைப் பிரித்து எடுத்துச் சென்றுவிட்டார்கள். அடிக்கடி டிக்கெட் வாங்க வசதியில்லாதவர்கள் மீதி மாதங்களில் எங்கே போவது?

பதில்: கடற்கரை மேடை பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளை நம்பி அமைக்கப்படுவது, அவர்கள் ஊர் திரும்பினால் அதுவும் காணாமல் போகும். ஆண்டு முழுவதும் இசை வேண்டுமென்றால், கேட்பவர்களை ஈர்ப்பதற்காக அல்லாமல், வாசிப்பவர்களின் தேவைக்காகவே நடக்கும் நிகழ்ச்சிகளைத் தேடிப் போக வேண்டும் என்பது என் கருத்து.

அந்த வகையில் முதலிடம் இசைக் கல்லூரிகளுக்குத்தான். பட்டம் பெறவிருக்கும் மாணவர் ஒரு முழுக் கச்சேரியை அரங்கில் நிகழ்த்திக் காட்ட வேண்டும் என்பது பல கல்லூரிகளில் பாடத்திட்டத்தின் ஒரு பகுதி. கேட்க ஆள் வேண்டும் என்பதால் அதற்குப் பொதுவாகக் கட்டணம் இருப்பதில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் மாணவர் கச்சேரிகளில் பெரும்பாலானவை இலவசம். 1903-இல் திறக்கப்பட்டு, ஒலி நயத்துக்குப் பெயர்பெற்ற ஜார்டன் ஹாலிலேயே அவற்றுள் சில நடக்கின்றன. இத்தகைய கச்சேரிகளில் மதிப்பெண் தாளோடு ஆசிரியர்கள் அமர்ந்திருப்பார்கள்; அவர்களைச் சுற்றிப் பெற்றோரும் விடுதித் தோழர்களும் இருப்பார்கள்; மீதி இருக்கைகள் காலியாகக் கிடக்கும். பதற்றத்தில் முதல் உருப்படி சற்று வேகமாக ஓடினாலும், இரண்டாவதிலோ மூன்றாவதிலோ கை நிதானத்துக்கு வந்துவிடும். அதன்பின் கேட்பது பல நேரங்களில் விலை கொடுத்துக் கேட்கும் கச்சேரிக்குக் குறைந்ததாக இருப்பதில்லை. கல்வியாண்டின் இறுதி மாதங்களில் ஒரே நாளில் பல கச்சேரிகள் அடுத்தடுத்து வரும் என்பதால், கல்லூரி அலுவலகத்தில் அட்டவணையை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வழிபாட்டு இடங்கள். இங்கிலாந்தின் பேராலயங்களில் மாலை வழிபாட்டின்போது பயிற்சி பெற்ற பாடகர் குழு பாடுவதை எவரும் கட்டணமின்றி அமர்ந்து கேட்கலாம். துறைமுக நகரங்களான லிவர்பூலிலும் போர்ட்ஸ்மவுத்திலும் இந்த வழக்கம் உண்டு. குழுவில் பள்ளிச் சிறுவர் சிறுமியர் இருப்பதால், பள்ளியின் கோடை விடுமுறையில் அவர்கள் பொதுவாகப் பாடுவதில்லை. அதாவது, கடற்கரை மேடை களைகட்டும் மாதங்களில் இங்கே ஓய்வு. மேடை பிரிக்கப்பட்ட பின் இங்கே பாட்டு. உங்கள் குறைக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து இல்லை.

நகரமே பொறுப்பேற்று நடத்தும் இசையும் உண்டு. அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், பல்போவா பூங்காவில், தொழிலதிபர்களான ஸ்ப்ரெக்கல்ஸ் சகோதரர்கள் நகரத்துக்கு அளித்த திறந்தவெளி ஆர்கன் (குழாய்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கச் செய்யும் பெரிய இசைக்கருவி) இருக்கிறது. 1914-ஆம் ஆண்டின் கடைசி நாளில் ஒப்படைக்கப்பட்ட, இன்று ஏறத்தாழ ஐயாயிரம் குழாய்கள் கொண்ட அந்தக் கருவியை, ஆண்டு முழுவதும் ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு இலவசமாகக் கேட்கலாம். கடுங்குளிர் இல்லாத ஊர் என்பதால்தான் அது இயலுகிறது. சிங்கப்பூரில் 2002-இல் திறக்கப்பட்ட எஸ்பிளனேட் கலையரங்கம், உள்ளே டிக்கெட் கச்சேரிகள் நடத்திக்கொண்டே, முன்கூடத்திலும் வளைகுடாவை ஒட்டிய வெளிமேடையிலும் இலவச நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து அளிக்கிறது. உங்கள் நகரத்துப் பெரிய அரங்கின் முன்கூடத்தையும் ஒரு முறை விசாரித்துப் பாருங்கள்.

அயர்லாந்தின் கால்வே நகரத்து மதுக்கூடங்களில் இசைஞர்கள் மேடையேறாமல், மேசையைச் சுற்றி ஒருவரையொருவர் பார்த்து அமர்ந்து வாசிப்பார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது என்றாலும், குடிக்க எதையாவது வாங்கிக்கொண்டு உட்காருவதுதான் முறை. 1982-இல் பிரான்சில் தொடங்கி இன்று பல நாடுகளுக்குப் பரவியுள்ள ஜூன் 21 இசைத் திருநாளில் தெருவெங்கும் இசை கிடைக்கும். ஆனால் அது ஒரு நாள் கூத்து.

இலவச நிகழ்ச்சிகளுக்கு விளம்பரச் செலவு செய்பவர்கள் குறைவு. எனவே கச்சேரி முடிந்ததும் வாசித்தவர்களிடமே, ‘அடுத்து எங்கே வாசிக்கிறீர்கள்?’ என்று கேட்டுவிடுவது எந்த அறிவிப்புப் பலகையையும் விடப் பயன் தரும்.

கேள்வி: கடற்கரைக் கச்சேரிகளில் சில நாள் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கிறது, சில நாள் ஒன்றுமே புரிவதில்லை. எங்கே உட்கார வேண்டும்?

பதில்: பெரும்பாலும் காற்றுதான் காரணம். தரையை ஒட்டிக் காற்றின் வேகம் குறைவு, மேலே அதிகம். ஆகவே காற்று வீசும் திசையில் செல்லும் ஒலி கீழ்நோக்கி வளைந்து கேட்பவரை எட்டும். எதிர்த்துச் செல்லும் ஒலி மேல்நோக்கி வளைந்து தலைக்கு மேலே போய்விடும். பகலில் கடலிலிருந்து நிலத்தை நோக்கிக் காற்று வீசுவதால், கடலுக்கு முதுகு காட்டி நிற்கும் மேடையின் இசை நிலப்பக்கம் இருப்பவர்களுக்கு நன்றாகக் கேட்கும். மேடை கடலைப் பார்த்து அமைந்திருந்தால் பின்வரிசையை மறந்துவிட்டு முன்னால் செல்லுங்கள். பொழுது சாய்ந்தபின் இந்தக் காற்று தணிந்து, இரவில் திசை மாறக்கூடும்.

ஒலிபெருக்கி வைத்த கச்சேரியென்றால், ஒலியைச் சரிசெய்பவர் அமர்ந்திருக்கும் மேசைக்கு அருகில் இடம் பிடியுங்கள். தம் காதுக்கு எட்டுவதை வைத்தே அவர் ஒலியைக் கூட்டிக் குறைக்கிறார். அலை உடையும் இடத்திலிருந்து தள்ளி இருப்பதும் நல்லது. அந்த இரைச்சல் மெல்லிய பகுதிகளை விழுங்கிவிடும். குரோவேஷியாவின் ஸாதார் நகரில் மட்டும் இந்தப் புகாருக்கு இடமில்லை: 2005-இல் அங்கே அமைக்கப்பட்ட கடல் ஆர்கனில், படிக்கட்டுக்கு அடியில் உள்ள குழாய்களை அலைகளே ஒலிக்கச் செய்கின்றன.

கேள்வி: இலவசம் என்று சொல்லிவிட்டு எதிரே தொப்பியை வைக்கிறார்களே, பணம் போட வேண்டுமா?

பதில்: தெருவில் வாசிப்பவர் என்றால் போடுங்கள். நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில் 1985 முதல் தேர்வு வைத்து இசைஞர்களுக்கு இடம் ஒதுக்குகிறார்கள். ஆனால் சம்பளம் கிடையாது, வழிப்போக்கர் போடுவதுதான் வருமானம். நகராட்சி நடத்துவதற்கு உங்கள் வரிப்பணம் ஏற்கெனவே போயிருக்கும். மாணவர் கச்சேரியில் யாரும் பணத்தை எதிர்பார்ப்பதில்லை. தாமதமாக வந்தால் ஓர் உருப்படி முடியும்வரை கதவுக்கு வெளியே காத்திருந்து உள்ளே சென்றால் போதும்.