பக்கவாதத்துக்குப் பிறகு ரத்தத்தில் பிடிஎன்எஃப் குறைவாக இருந்தால் தேற மாட்டார்களா?

இப்படிக் கேட்கிறீர்கள் என்றால் வீட்டில் யாரோ படுக்கையில் இருக்கிறார்கள், உங்கள் கையில் ஒரு ரிப்போர்ட் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். அந்த மாதிரி ஒரு தாளை வைத்துக்கொண்டு நான் பத்து நாள் தூங்கவில்லை.

அம்மாவுக்கு வலது கை கால் விழுந்து, பேச்சும் போயிருந்தது. பிடிஎன்எஃப் என்பது மூளை நரம்புகள் தழைக்க உதவும் புரதம் என்று எங்கேயோ படித்துவிட்டு, மருத்துவர் சொல்லாமலே நானாக அம்மாவின் ரத்தத்தை ஒரு லேபில் கொடுத்து அளக்கச் சொன்னேன். வந்த எண்ணை இணையத்தில் இருந்த எண்களோடு ஒப்பிட்டால் பாதாளத்தில் இருந்தது. இனி பேசவே மாட்டார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

நரம்பியல் மருத்துவர்தான் பிறகு விளக்கினார். ரத்தத்தில் உள்ள பிடிஎன்எஃப் பெரும்பாலும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களுக்குள் இருக்கிறது. ரத்தத்தை உறையவிட்டு, பிரியும் நீரான சீரத்தில் அளந்தால் தட்டணுக்கள் அதைக் கொட்டிவிடும், எண் பெரிதாக வரும். உறையவிடாமல் பிளாஸ்மாவில் அளந்தால் அதே ஆளுக்கே பல மடங்கு குறைவாகத்தான் வரும். அம்மாவுக்கு எடுத்தது பிளாஸ்மா, நான் ஒப்பிட்டது சீரத்தின் அளவோடு!

ஆராய்ச்சியே வீண் என்று சொல்ல வரவில்லை, உடனே சண்டைக்கு வராதீர்கள். முதல் நாட்களில் இந்த அளவு குறைவாக இருந்தவர்கள் அவ்வளவாகத் தேறவில்லை என்று சில ஆய்வுகளில் வந்திருப்பது உண்மைதான். ஆனால் அது பல பேரைச் சேர்த்துப் பார்த்த கணக்கு, அதை வைத்து உங்கள் வீட்டு ஆள் தேறுவாரா இல்லையா என்று யாரும் முடிவு கட்ட முடியாது. வழக்கமான சிகிச்சையில் இந்த டெஸ்டே கிடையாது. பிடிஎன்எஃப் மாதிரி செல்களை வளரத் தூண்டும் புரதங்களை வளர்ச்சிக் காரணி என்பார்கள், அது கூடினாலே நல்லது என்றும் இல்லை. விஇஜிஎஃப் என்ற இன்னொரு காரணி புது ரத்தக் குழாய்கள் முளைக்க உதவும், ஆனால் ஆரம்பத்தில் குழாய்ச் சுவரைக் கசியவிட்டு மூளை வீக்கத்தைக் கூட்டவும் கூடும். ஜிசிஎஸ்எஃப் என்ற காரணியைப் பக்கவாதம் வந்தவர்களுக்கு மருந்தாகவே கொடுத்துப் பார்த்த ஆக்சிஸ் 2 சோதனையின் முடிவு 2013ல் வந்தது, பலன் இல்லை.

இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும். பார்க்க வந்த சொந்தக்காரர்கள், பேச்சு போனவருக்குக் காதும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, "இப்படிக் கிடக்கிறதுக்குப் போய்ச் சேர்ந்துடலாம்" என்று கட்டில் பக்கத்திலேயே பேசினார்கள். அம்மாவுக்கு எல்லாம் புரிந்தது. கண்ணோரம் வழிந்ததை நான்தான் துடைத்துவிட்டேன். இன்றுவரை அவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

சரி, உங்கள் ரிப்போர்ட்டில் சீரமா பிளாஸ்மாவா என்று பாருங்கள். அப்புறம் அதை மடித்து வைத்துவிட்டு, பேச்சுப் பயிற்சியும் பிசியோதெரபியும் எப்போது தொடங்கலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்ததில் பேச்சுப் பயிற்சியைப் பற்றி நான் மூன்று வாரம் கழித்துத்தான் கேட்டேன்.