திங்கட்கிழமையும் கிறிஸ்தவனாக இருப்பது எப்படி?

ஞாயிறு ஆராதனையில் இருக்கும் பக்தி, வேலைக்குப் போனதும் காணாமல் போகிறதே, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஜெப நேரத்தைக் கூட்டுவதற்கு முன் உங்கள் பணத்தையும் உறவுகளையும் பாருங்கள் என்பேன். வேதாகமத்தில் லூக்கா 19-இல், இயேசுவை வீட்டில் ஏற்றுக்கொண்ட வரி வசூலிப்பவனான சகேயு பேசுவது பணக் கணக்கைத்தான்: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியது நான்கு மடங்காகத் திரும்ப. அவன் வரி வசூலிக்கும் வேலையை விட்டதாக அங்கே எழுதப்படவில்லை. மாறியது, அவன் அடுத்தவரிடம் நடந்துகொள்ளும் விதம். பொய்க் கணக்கு எழுதாமலிருப்பதும், கூலியைத் தாமதிக்காமல் கொடுப்பதும் ஆராதனையின் பகுதிதான்.

உறவு விஷயம் இன்னும் கடினம். மத்தேயு 5:23-24-இன்படி, காணிக்கை செலுத்த வந்த இடத்தில், சகோதரனுக்கு உங்கள்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவரோடு ஒப்புரவாக, அதாவது சமாதானமாக, வேண்டும். கவனியுங்கள், குறை அவருக்கு நம்மேல்! வழக்கமாக நாம் நம்மைக் காயப்படுத்தியவரை மன்னிப்பதைப் பற்றியே பேசுகிறோம். நாம் காயப்படுத்தியவரைத் தேடிப் போவது அரிது. மனைவி, பிள்ளைகள், நமக்குக் கீழே வேலை செய்பவர் எல்லாரும் இதில் அடக்கம்.

ஜெபம் வேண்டாம் என்று சொல்லவில்லை. 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் மடமொன்றின் சமையலறையில் வேலை செய்த சகோதரர் லாரன்ஸ், பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவிலேயே கடவுளோடு பேசப் பழகியவர். நீங்களும் ஒரு கோபமான மின்னஞ்சலை அனுப்பும் முன் ஒரு வரி ஜெபிக்கலாம். பலமுறை அதை அனுப்பவே தோன்றாது.