டோல்கேட்டுக்கு மட்டும் ஒரு பெல்ட்

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு 64 வயது. 30 வருடமாகக் கார் ஓட்டுகிறார், ஒரு கீறல் கிடையாது. பெல்ட் போடச் சொன்னால் மட்டும் கோபம் வந்துவிடும். டோல்கேட் நெருங்கும்போது பெல்ட்டை இழுத்து, மாட்டாமல் கையில் பிடித்துக்கொள்வார். தாண்டியதும் விட்டுவிடுவார். "தீப்பிடிச்சா அதோடயே மாட்டிக்கணுமா?" என்கிறார். படித்தவர் ஏன் இப்படி? ஏழு மாதக் கர்ப்பிணியான என் தங்கையும் அவரோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறாள். அவள் பெல்ட் போடலாமா?

எஸ்., நாமக்கல்

அன்புள்ள எஸ்.,

பெல்ட்டின் பயன் உங்கள் அப்பாவுக்குத் தெரியாமல் இல்லை. நீங்கள் "போடுங்கப்பா" என்னும்போது, இத்தனை வருடம் ஓட்டியும் என்மேல் நம்பிக்கை இல்லையா என்றுதான் அவருக்குப் படுகிறது. வாடகைக் காரில் பின்னால் ஏறி பெல்ட்டைத் தேடிப் பாருங்கள், "பயப்படாதீங்க, மெதுவாத்தான் போவேன்" என்பார் டிரைவர். அதே மனத்தாங்கல்தான்.

போதாததற்கு, பெல்ட்டைப் போலீஸ் சமாச்சாரமாகவே நாம் பழகிவிட்டோம். போடாவிட்டால் 1000 ரூபாய் அபராதம் என்பதுதான் பலருக்குத் தெரிந்த ஒரே காரணம். போலீஸ் இல்லாத சாலையில் அந்தக் காரணமும் இல்லை. பெல்ட் போடாவிட்டால் கார் எழுப்பும் பீப் சத்தத்தை அடக்குவதற்கென்றே, பெல்ட் இல்லாத வெறும் கொக்கியை விற்றார்கள். 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்ட பிறகு, ஐந்து இணையக் கடைகளிலிருந்து இப்படி 13,118 விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. எனக்கு இது பெரும் வேதனை. காசு கொடுத்து ஆபத்தை வாங்கியிருக்கிறோம்.

அப்பா நன்றாக ஓட்டுகிறார், சரி. எதிரே வரும் லாரி டிரைவர் கண்ணசந்தால்? 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி நின்றாலும், உள்ளே இருப்பவர் அதே வேகத்தில் முன்னால் போய்க்கொண்டிருப்பார். மூன்றாவது மாடியிலிருந்து விழுந்து தரையைத் தொடும் வேகம் அது. ஸ்டியரிங்கை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் கை தாங்காது. ஏர்பேக்கும் பெல்ட் போட்ட உடம்பை நம்பித்தான் வடிவமைக்கப்பட்டது. தீப்பிடிக்கும் விபத்துகள் மிகக் குறைவு. அப்படியே பிடித்தாலும் பட்டனை அழுத்தி வெளியே வர முதலில் நினைவு இருக்க வேண்டும். தலை அடிபடாமல் அந்த நினைவைக் காப்பாற்றித் தருவது பெல்ட்தான்.

பின் சீட்டை நம் ஊரில் யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிராவின் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி சென்ற கார் பாலத்துச் சுவரில் மோதியது. பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்த அவரும் இன்னொருவரும் இறந்தார்கள். முன்னால் இருந்த இருவர் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். பின்னால் இருப்பவர் தூக்கி எறியப்பட்டால் முன் சீட்டுக்காரர் முதுகிலும் அந்த அடி விழும்.

அதனால் அப்பாவிடம் அவர் ஓட்டுவதைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். முதலில் நீங்கள் பின் சீட்டைப் பாருங்கள். சீட் கவர் போட்ட கடையில் பெல்ட் மாட்டும் கொக்கிகளை அடியில் தள்ளி மூடியிருப்பார்கள். கவரைத் தூக்கி அவற்றை வெளியே எடுத்து வையுங்கள். அப்புறம், "தங்கச்சி பெல்ட் போட்டாத்தான் வண்டி கிளம்பணும், நீங்கதான் பாத்துக்கணும்" என்று அந்தப் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். மகளைப் போடச் சொல்லிவிட்டுத் தான் சும்மா இருக்க எந்த அப்பாவுக்கும் கூசும்.

தங்கை கட்டாயம் போட வேண்டும். கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் வரக் கூடாது. வயிற்றுக்குக் கீழே, இடுப்பு எலும்பை ஒட்டிப் படிய வேண்டும். மேல்பட்டை மார்புக்கு நடுவே வந்து வயிற்றின் பக்கவாட்டில் இறங்கட்டும். தடித்த ஸ்வெட்டர் போட்டிருந்தால் கழற்றிவிட்டு மாட்டச் சொல்லுங்கள்.