சைலன்சர் மாற்றியதும் பின்னால் வெடிக்கிறதா? பெட்டி வாங்கும் முன் கேஸ்கட்டைப் பாருங்கள்

கேள்வி: பழைய பாணியில் வரும் ஒற்றை சிலிண்டர் பைக் வைத்திருக்கிறேன். வாங்கி இரண்டு வருடம் ஆகிறது, இன்ஜெக்‌ஷன் மாடல். போன மாதம் நானும் நண்பனும் சேர்ந்து சைலன்சரைக் கழற்றிவிட்டு, கடையில் வாங்கிய குட்டை சைலன்சரை மாட்டினோம். இன்ஜினிலிருந்து சைலன்சர்வரை வரும் வளைந்த குழாயான பெண்ட் பைப்பையும் கழற்றித் துடைத்து மாட்டினோம். அன்றிலிருந்து இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டால் பின்னால் பட்பட்டென்று வெடிக்கிறது. மைலேஜும் குறைந்துவிட்டது. சைலன்சர் விற்ற கடைக்காரர், “வண்டிக்குப் பெட்ரோல் போதவில்லை. பெட்ரோல் கூட்டும் பெட்டி போட வேண்டும், ஆக்சிஜன் சென்சாரை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் இன்ஜின் போய்விடும்” என்கிறார். பழைய சைலன்சரை இரும்பு விலைக்கு எடுத்துக்கொள்வதாகவும் சொல்கிறார். பயமாக இருக்கிறது. வண்டியை ஓட்டலாமா?

பதில்: ஓட்டலாம். சரிசெய்யும்வரை நெடுந்தூரம் மட்டும் வேண்டாம். பெட்டிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள், சென்சாரில் யாரையும் கைவைக்க விடாதீர்கள், பழைய சைலன்சரை வீட்டை விட்டு வெளியே அனுப்பாதீர்கள்.

உங்கள் கடிதத்திலேயே ஒரு வரி இருக்கிறது: “பெண்ட் பைப்பையும் கழற்றித் துடைத்து மாட்டினோம்.” புது கேஸ்கட் போட்டதாக எழுதவில்லை. போட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

பெண்ட் பைப் சிலிண்டர் ஹெட்டில் போய்ச் சேரும் இடத்தில் உலோக வளையம் ஒன்று இருக்கும், அதுதான் கேஸ்கட். நட்டை முறுக்கும்போது அது நசுங்கி இடைவெளியை அடைக்கும். ஒரு தடவை நசுங்கியது நசுங்கியதுதான். கழற்றி மறுபடி மாட்டினால் பார்வைக்குச் சரியாக உட்கார்ந்த மாதிரி இருக்கும், ஆனால் மயிரிழை இடைவெளி விட்டுவிடும். புகை வெளியே போவது மட்டும் அங்கே நடப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் புகை வேகமாக வெளியேறிய அடுத்த நொடிப்பகுதியில் பைப்புக்குள் உறிஞ்சல் உண்டாகிறது. அந்த நேரத்தில் வெளிக்காற்று இடைவெளி வழியாக உள்ளே புகுந்துவிடும். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடும்போது சிலிண்டருக்குள் எரிதல் அரைகுறையாக நடக்கும். எரியாத பெட்ரோல் ஆவி கொஞ்சம் பைப்புக்கு வந்து சேரும். பைப் சூடு, பெட்ரோல் ஆவி, புதுக்காற்று மூன்றும் சேர்ந்தால் வெடிக்காமல் என்ன செய்யும்? நீங்கள் கேட்பது அந்தச் சத்தம். இன்ஜினுக்குள் வெடிப்பது அல்ல, பைப்புக்குள் வெடிப்பது.

மைலேஜ் குறைந்ததற்கும் அதே ஓட்டைதான் காரணமாக இருக்கும். பெண்ட் பைப்பில் ஸ்பார்க் பிளக் மாதிரி திருகி, ஒயரோடு ஒன்று இருக்கிறதே, அதுதான் ஆக்சிஜன் சென்சார். போகிற புகையில் ஆக்சிஜன் மீதி இருக்கிறதா என்று அது முகர்ந்து பார்த்து வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று. சீரான ஓட்டத்தில் இந்தக் கணக்கைக் கம்ப்யூட்டர் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது சென்சார் சொல்வதை வைத்துத்தான். சென்சாருக்கு முன்னால் ஓட்டை இருந்தால் வெளிக்காற்றின் ஆக்சிஜனும் அதன் மூக்கில் படும். “காற்று அதிகம், பெட்ரோல் குறைவு” என்று அது தப்பாகச் சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டிவிடும். ஆகவே உங்கள் வண்டி அநேகமாக இப்போதே தேவைக்கு மேல் குடித்துக்கொண்டிருக்கிறது. கடைக்காரர் சொன்னதற்கு நேர் எதிர். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், முனை கரிபடிந்து கறுப்பாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பரிசோதனைக்கு நண்பர் ஒருவர் உடனிருந்தால் போதும். இன்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும், வண்டி திறந்தவெளியில் நிற்க வேண்டும். மூடிய ஷெட்டுக்குள் வேண்டாம், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. பெண்ட் பைப் ஹெட்டில் சேரும் இடத்திலும் சைலன்சர் பைப்பில் சேரும் இடத்திலும் சோப்புத் தண்ணீரைத் தெளித்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். நண்பர் தடித்த கையுறை போட்டு, மடித்த ஈரத்துணியால் சைலன்சர் வாயை இரண்டு மூன்று விநாடி அமுக்கட்டும். ஓட்டை இருந்தால் நுரை பொங்கும், “சிக் சிக்” என்று சீறும். எல்லாம் இறுக்கமாக இருந்தால் இன்ஜின் திணறி நிற்கப் பார்க்கும். முதல் நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள், பைப் சுட்டால் தண்ணீர் ஆவியாகி ஒன்றும் தெரியாது. அந்த இடத்தில் கரிக்கோடு படிந்திருந்தாலும் அதுவே சாட்சி.

புது கேஸ்கட் போடும்போது பழையது வெளியே வந்துவிட்டதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஹெட்டின் வாய்க்குள் அது அமுங்கி, ஹெட்டின் விளிம்பு மாதிரியே ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் மேலேயே புதியதைச் செருகி, “புதுசு போட்டும் வெடிக்கிறது” என்று என்னிடம் வந்தவர்கள் எத்தனையோ பேர். பழையதைக் கூர்மையான கொக்கியால் மெல்லப் பெயர்த்து எடுங்கள். புதியதைத் துளி கிரீஸ் தடவி ஒட்டவையுங்கள், விழாது. பிறகு எல்லா நட்டுகளையும் போல்ட்டுகளையும் கையால் மட்டும் ஏற்றுங்கள். ஹெட் பக்க நட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக இறுக்குவது முதல் வேலை, அப்புறம் சைலன்சர் கிளாம்ப், கடைசியாகத்தான் சைலன்சரைச் சேசிஸில் தாங்கும் போல்ட். பெரும்பாலானோர் தாங்கும் போல்ட்டை முதலில் இறுக்கிவிடுகிறார்கள். அப்போது பைப் கோணலாக இழுபட்டு ஹெட்டில் ஒரு பக்கம் மட்டும்தான் அமரும். ஒரு சுற்று ஓட்டி, ஆறவிட்டு, ஹெட் நட்டுகளை மறுபடி ஒருமுறை சரிபாருங்கள்.

பலத்தைக் காட்டாதீர்கள். ஹெட் அலுமினியம், அதில் நட்டு ஏற நிற்கும் திருகுக்கம்பி (ஸ்டட்) எஃகு. துருப்பிடித்த நட்டை நீளமான ஸ்பானர் போட்டு ஒடித்துவிட்டால் ஹெட்டைக் கழற்றித் துளையிட்டு மரை வெட்ட வேண்டியிருக்கும். முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டுவையுங்கள். இறுக்கும்போது இறுக்க அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச்சைப் பயன்படுத்துங்கள். உங்கள் மாடலுக்கு எவ்வளவு என்பது சர்வீஸ் கையேட்டில் இருக்கும்.

அந்தக் கையேடு உங்களிடம் இருக்காது என்பதும் எனக்குத் தெரியும். இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. டேங்கில் கையால் வரைந்த கோடு, வட்ட மீட்டர், நீளமான சீட் என்று வைத்து, வீட்டு வாசலில் உட்கார்ந்து நாமே நோண்டிக்கொள்ளும் வண்டி என்ற ஆசையைத்தான் கம்பெனிகள் விற்கின்றன. டிரையம்ஃப் கம்பெனியின் போனவில் பைக் இன்ஜெக்‌ஷனுக்கு மாறியபோது, இன்ஜினுக்குக் காற்றை அளந்து விடும் த்ராட்டில் பாடியைப் பழைய கார்ப்பரேட்டர் போலவே செய்து மாட்டினார்கள். அழகுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் வண்டியோடு வரும் புத்தகத்தைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் “டீலரை அணுகவும்.” ஒரு கேஸ்கட்டின் பார்ட் நம்பரையும் ஒரு நட்டின் இறுக்க அளவையும் உரிமையாளரிடம் சொல்ல என்ன தயக்கம்? அவர்கள் சொல்லாமல் விடுகிற இடத்தில்தான் பெட்டி விற்கிறவர் வந்து உட்காருகிறார்.

அந்தப் பெட்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சந்தையில் கிடைக்கும் எளிய வகை, உள்ளே வரும் காற்று உண்மையில் இருப்பதைவிடக் குளிர்ச்சி என்று கம்ப்யூட்டரை நம்பவைக்கும். குளிர்காற்று அடர்த்தியானது, அதனால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும். உள்ளே பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. சீரான ஓட்டத்தில் சென்சார் உடனே “பெட்ரோல் அதிகம்” என்று காட்டிக்கொடுத்துவிடும், கம்ப்யூட்டர் பழையபடி குறைத்துவிடும். அதனால்தான் விற்கிறவர்கள் சென்சாரையும் எடுக்கச் சொல்கிறார்கள். சென்சார் போனால் கம்ப்யூட்டருக்குக் கண் போன மாதிரி. எச்சரிக்கை விளக்கு எரியும், அதை அணைக்க டம்மி ஒன்று விற்பார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக நாலு பொருள் ஏறிவிடும், கேஸ்கட் ஓட்டை அப்படியே இருக்கும். “ஜெட் மாற்றித் தருகிறேன்” என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ஜெட் என்பது கார்ப்பரேட்டரில் பெட்ரோல் போகும் சிறு துளை. இன்ஜெக்‌ஷன் வண்டியான உங்களுடையதில் அது கிடையாது.

காற்று ஃபில்டர் பெட்டியை வெட்டித் திறந்து, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரையும் எடுப்பது போன்ற பெரிய மாற்றம் செய்தால்தான் பெட்ரோல் கணக்கை உண்மையில் திருத்தியாக வேண்டும். ஃபில்டர் பெட்டியை வெட்டியதாக நீங்கள் எழுதவில்லை. என்றைக்காவது செய்தால் இன்ஜின் சக்தியை அளக்கும் இயந்திரமான டைனோவில் ஏற்றி, முன்னும் பின்னும் அளந்து வரைபடம் தருகிறவரிடம் மட்டும் போங்கள்.

கேட்டலிடிக் கன்வர்ட்டர் என்றதும் உங்கள் பழைய சைலன்சர் ஞாபகம் வருகிறது. அதை இரும்பு விலைக்குக் கேட்டாரே, அதன் முன்வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். தேன்கூடு மாதிரி கண்ணறைகள் தெரிந்தால் அதுதான் கன்வர்ட்டர். சில வண்டிகளில் பெண்ட் பைப்பில் இருக்கும், சிலவற்றில் சைலன்சருக்குள். அந்தத் தேன்கூட்டின் மேல் பூசியிருப்பது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். இந்த உலோகங்களுக்காகவே உலகம் முழுக்கக் கார்களின் அடியிலிருந்து கன்வர்ட்டரை அறுத்துத் திருடுகிறார்கள். இதைத் தெரிந்துகொண்டு, தெரியாத உரிமையாளரிடம் இரும்புக் கணக்கில் வாங்குகிறவரை வியாபாரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விலை ஒருபக்கம் இருக்கட்டும். புகைச் சோதனைக்கும், வாரண்டிக்கும், நாளை வண்டியை விற்பதற்கும் அந்த அசல் சைலன்சர் வேண்டும். கன்வர்ட்டர் அதற்குள்தான் இருக்கிறது என்றால் அதையே திரும்ப மாட்டுங்கள். கன்வர்ட்டர் இல்லாமல் பொதுச்சாலையில் ஓட்டுவது பல நாடுகளில் சட்டவிரோதம். நீங்கள் வாங்கிய குட்டை சைலன்சரின் அட்டையில் “பந்தயப் பாதைக்கு மட்டும்” என்று பொடி எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். பல கடைகளில் அந்த அட்டையைக் காட்டுவதே இல்லை.

கேஸ்கட் மாற்றியும், சோப்பு நுரை பொங்காமலும் இருந்து வெடிப்பு நிற்கவில்லை என்றால் ஒரே ஒரு விதிவிலக்கைப் பாருங்கள். அதை நிதானமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். சில வண்டிகளில் கம்பெனியே புகைப்பாதைக்குள் சுத்தமான காற்றை வேண்டுமென்றே விடுகிறது. எரியாத மீதிப் பெட்ரோல் அங்கேயே எரிந்து புகை சுத்தமாகட்டும் என்பதற்காக. ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து மெல்லிய ரப்பர் குழாய் ஒன்று ஒரு சின்ன வால்வுக்குப் போய், அங்கிருந்து சிலிண்டர் ஹெட்டின் புகைவாய்ப் பக்கம் போகிறதா என்று தேடுங்கள். இருந்தால் உங்கள் வண்டியில் அந்த ஏற்பாடு உண்டு. ஆக்சிலேட்டரை மூடி இறக்கத்தில் வரும்போது அந்தக் காற்றை நிறுத்துவதும் வால்வின் வேலை. உள்ளே ஜவ்வு கிழிந்தாலோ, மின்சார வால்வு திறந்தபடி சிக்கினாலோ, காற்று நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். கேஸ்கட் ஓட்டை செய்கிற அதே வேலையை இதுவும் செய்யும், வெளியே ஒரு கசிவும் தெரியாது. சைலன்சர் மாற்றும்போது டேங்கைத் தூக்கியிருந்தால் குழாய் நழுவியிருக்கலாம், வால்வின் ஒயர் சொருகாமல் விட்டிருக்கலாம். முதலில் அந்த இரண்டையும் பாருங்கள். இதற்கும் கடையில் அடைப்புத் தகடு விற்பார்கள். வால்வை மாற்றுவதுதான் சரி, அடைப்பது அல்ல.

ஓட்டையை அடைக்கக் கண்ட பசையையும் பூசாதீர்கள். சாதாரண சிலிக்கான் பசையிலிருந்து வரும் ஆவி ஆக்சிஜன் சென்சாரைக் கெடுத்துவிடும். கேஸ்கட்டோடு போயிருக்க வேண்டிய செலவு சென்சார்வரை வந்து நிற்கும்.

பைப் நீலநிறமாகிவிட்டது, இன்ஜின் உருகப்போகிறது என்று அடுத்ததாக யாராவது பயமுறுத்துவார்கள். எஃகு 300 டிகிரி செல்சியஸ் பக்கம் போனாலே நீலம் பூக்கும். ஒற்றைச் சுவர் கொண்ட பைப்பில் ஹெட்டை ஒட்டி அந்த நிறம் வருவது வழக்கம்.

கேஸ்கட் மாற்றியபின் கம்ப்யூட்டர் தன் கணக்கைத் திருத்திக்கொள்ளச் சில நாள் ஓட்டம் ஆகும். ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்வரை பொறுத்து மைலேஜைக் கணக்கிடுங்கள், பிளக்கையும் மறுபடி கழற்றிப் பாருங்கள். கறுப்பு போய் வெளிர்பழுப்பு வந்திருந்தால் வேலை முடிந்தது. இறக்கத்தில் எப்போதாவது ஒன்றிரண்டு முனகல் கேட்கும். திறந்த சைலன்சரில் அது இருக்கத்தான் செய்யும், முன்பு அசல் சைலன்சர் அதை உள்ளேயே அடக்கிவைத்திருந்தது.