அமைதியான பிள்ளைக்கும் அதே மாத்திரையா?

கேள்வி: நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகள் சேட்டையே செய்யமாட்டாள். ஆனால் போர்டில் எழுதியதில் பாதிதான் நோட்டில் இருக்கும். ரப்பர், தண்ணீர் பாட்டில் தினமும் தொலையும். கவனக்குறைவு வகை ஏடிஹெச்டி (கவனம் நிற்காமலோ, துறுதுறுப்பு மிகுந்தோ இருக்கும் குறைபாடு) என்கிறார் டாக்டர். நாத்தனார் மகனுக்கோ துறுதுறு வகை. இருவருக்கும் சிகிச்சை ஒன்றுதானா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: மருந்து பெரும்பாலும் ஒன்றுதான். வீட்டிலும் வகுப்பிலும் செய்யும் ஏற்பாடுதான் மாறும்.

அதற்கு முன், கண், காது சோதித்தாயிற்றா? இரவில் குறட்டை விட்டுத் தூக்கம் கெட்டாலும் பகலில் கவனம் நிற்காது. சில விநாடி வெறித்துப் பார்த்து, தொட்டாலும் திரும்பவில்லையென்றால் அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் இஇஜி எடுக்க வேண்டும். கணக்கில் மட்டும்தான் தடுமாற்றமா? கற்றல் குறைபாடா என்று பாருங்கள். ஏடிஹெச்டி என்றால் வீடு, பள்ளி இரண்டிலும் ஆறு மாதமாவது தெரிந்திருக்கும்.

உங்கள் மகளுக்கு, வீட்டுப்பாடத்தை 10-15 நிமிடமாகப் பிரித்துக் கொடுங்கள். "பையை எடு" என்றால் அது முடிந்த பிறகே அடுத்த வேலை. முன்பெஞ்சு கேட்டு வாங்குங்கள். நாத்தனார் மகனுக்கு எழுந்து நடக்க இடைவெளியும், உடனுக்குடன் பாராட்டும் வேண்டும். வருடக் கடைசியில் சைக்கிள் என்ற ஆசை காட்டல் இந்தப் பிள்ளைகளிடம் எடுபடாது.

இனி மருந்து. இரு வகைக்கும் பெரும்பாலும் தரப்படும் மீதைல்ஃபெனிடேட் சாதா மாத்திரையை வழக்கமாக 5 மி.கி.யில் தொடங்கி, மெல்ல உயர்த்துவார்கள். வேலை செய்வது மூன்று, நான்கு மணி நேரம்தான். காலை ஏழரைக்குக் கொடுத்தால் பதினொன்றரைக்குள் தீர்ந்துவிடும். "மதியத்துக்கு மேல் பழையபடிதான்" என்று டீச்சர் சொன்னால், மருந்தைக் குறை சொல்லாமல் நீண்டநேர வகை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அதை நசுக்கிக் கொடுக்கக் கூடாது. பசி குறையும் என்பதால் இட்லியை முதலில் ஊட்டிவிட்டு மாத்திரை கொடுங்கள். பிந்திக் கொடுத்தால் இரவுத் தூக்கம் போகும். எடை, உயரம், நாடி, ரத்த அழுத்தம் அவ்வப்போது பார்க்கப்பட வேண்டும். குடும்பத்தில் இதயக் கோளாறு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சட்டக் கட்டுப்பாடுள்ள மருந்து என்பதால் எல்லாக் கடையிலும் இருக்காது, தீருமுன் வாங்கிவையுங்கள்.

இது ஒத்துக்கொள்ளாவிட்டால் அட்டமாக்செட்டின் என்ற வேறு மருந்து. பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பத்தே நாளில் நிறுத்திவிடுவதுதான் பலர் செய்யும் தவறு.

கேள்வி: ஐந்து வயதுப் பையன், ஒரு நிமிடம் உட்காரமாட்டான். மாத்திரை தரலாமா?
- வாசகர், அடையாறு

பதில்: ஆறு வயதுக்குள் முதல் சிகிச்சை பெற்றோருக்கான பயிற்சிதான். எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையில் விசாரியுங்கள்.